மூன்று இழுத்தால் சிரிக்க வேண்டும்

பள்ளிகளைச் சோதிக்க வரும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வகுப்புக்குள் வந்து நின்றார். பையன்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். துரை தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

அப்போது சாமுவேல் சிரித்தான்.

லேசாகச் சிரித்திருந்தால் பரவாயில்லை. தலையை ஆட்டி, தோள் குலுங்க, நல்ல வேடிக்கையைக் கேட்டவன் மாதிரி சிரித்தான். அவன் ஒருவன்தான். துரை தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பொத்தான் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தப்பு சாமுவேலுடையது அல்ல. என்னுடையது. சரியாகச் சொன்னால் ஒரு கட்டெறும்புடையது.

என் வேலை

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் நான் பங்கா இழுத்ததைப் பற்றி எழுதினேன். அதைப் படித்த ஒரு மளிகைக் கடைக்காரர் என்னைக் கடைவாசலில் நிறுத்தி, உட்கார்ந்து கயிறு இழுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டார். வேலைதான். அவர் உட்கார்ந்து பருப்பு நிறுப்பதும் வேலைதானே. இதை அவரிடம் சொல்லவில்லை. புளி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது எங்கே பார்த்தாலும் மின்சாரக் காற்றாடி. ஆகையால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூரையிலிருந்து ஒரு நீளமான சட்டம் தொங்கும். அதில் துணி தைத்திருக்கும். அதிலிருந்து கயிறு சுவரில் ஒரு துளை வழியாக வராந்தாவுக்கு வரும். வராந்தாவில் ஒரு ஆள் உட்கார்ந்து இழுப்பான். இழுத்தால் துணி ஆடும். துணி ஆடினால் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று. வெளியே இருப்பவனுக்கு வியர்வை.

கை வலித்தால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, மல்லாந்து படுத்துக் காலை ஆட்டலாம். தூக்கம் வரும். தூங்கினாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அது பழக்கம்.

ரயில்வே ஆபீசில் என் துரை மத்தியானம் நாற்காலியிலேயே தூங்குவார். ரயில் ஊதினால் எழமாட்டார். ஆள் கூப்பிட்டால் எழமாட்டார். என் கயிறு நின்றால் உடனே எழுந்து பூட்சை எறிவார். குறி தப்பாது. காது கேட்காத மனிதருக்கும் காற்று நின்றால் தெரியும் என்று அப்போதே பார்த்துவைத்தேன். பிற்பாடு அது உதவும் என்று நினைக்கவில்லை.

அந்த ஆபீசுக்கு மின்சாரம் வந்தது. நான் கிள்ளானுக்கு வந்தேன்.

இடி

கிள்ளானில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே ஜூனியர் வகுப்புக்கு நான் பங்கா இழுத்தேன். என் இடம் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். எட்டிப் பார்த்தால் பாதி வகுப்பு தெரியும்.

கேட்டு என்ன பயன். நான் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது நாலைந்து. உட்கார், எழு, வாயை மூடு, வெளியே போ. பள்ளிக்கூடத்தில் அதற்குமேல் அதிகம் தேவைப்படுவதில்லை.

ஒரு மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்து இடி விழுந்தது. பக்கத்துத் தென்னை பிளந்தது. பையன்கள் பெஞ்சுக்கு அடியில் போனார்கள். மாஸ்டர் மேசைக்கு அடியில் போகவில்லை, ஆனால் பார்த்தார். ஜன்னலோரம் இருந்த பையன் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இருந்தவன் காணாமல் போனதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தான். உடனே அவனும் பெஞ்சுக்கு அடியில் போனான். எல்லோரும் மேலே வந்துகொண்டிருந்த நேரம் அது.

அவன்தான் சாமுவேல். பதினாறு வயது. மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவனுடைய அப்பா டிரஸ்ஸர். காயத்துக்கு மருந்து கட்டி, காய்ச்சலுக்கு மருந்து அளந்து கொடுக்கிற வேலை.

பள்ளி விட்டதும் அவனைக் கூப்பிட்டேன். பின்னால் இருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்று, காது கேட்காதா என்று கேட்டேன். என் வாயையே பார்த்தான்.

“யார்ட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே” என்றான். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னான். ரோட்டில் போன மலாய்க்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வெற்றிலை வாய்

அவன் சொன்னது இது. பதினோரு வயதில் மலைக்காய்ச்சல். அப்பாவே ஒரு வாரம் கொய்னா மருந்து கொடுத்தார். காதில் கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மணி நின்றது. மற்றதெல்லாமும் நின்றது.

“அதுக்கப்புறம் அப்பா கொய்னா பாட்டில வீட்டுல வெக்கிறதில்ல அண்ணே” என்றான்.

அப்பா காது போனதை ஒப்புக்கொள்ளவில்லை. பையனுக்குக் கவனம் போதாது என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பள்ளியிலும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டளை.

இதற்கு முன்னால் இருந்த வகுப்புகளில் மாஸ்டர்கள் மழித்த முகம். உதட்டைப் பார்த்தே சமாளித்துவிட்டான். கரும்பலகையில் எழுதுவதைப் பிடித்துக்கொள்வான். புத்தகத்தில் இருப்பது அவன் தலையில் இருந்தது. எழுத்துப் பரீட்சையில் முதல் மூன்று பேரில் ஒருவன்.

ஜூனியர் வகுப்பில்தான் மாட்டிக்கொண்டான். அந்த வகுப்புக்கு நடராஜ மாஸ்டர். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். நல்லவர். ஆனால் மீசை. அப்படி ஒரு மீசையைக் கிள்ளானிலும் பார்த்ததில்லை, கோலாலம்பூரிலும் பார்த்ததில்லை. மேல் உதட்டில் தொடங்கிக் கீழ் உதட்டைத் தாண்டி இறங்கியிருக்கும். பேசும்போது மீசைதான் ஆடும். சோறு எந்த வழியாகப் போகிறது என்று பையன்களுக்குள் பேச்சு.

என் வாய் நன்றாகப் புரிகிறதே என்று கேட்டேன்.

“நீங்க வெத்தலை போடுறீங்க. உதடு சிவப்பா தெரியுது. புத்தகம் மாதிரி படிக்கலாம்” என்றான்.

அதற்குப் பிறகு அவனோடு பேசும் முன் வெற்றிலை போட்டுக்கொண்டேன். போடாத நாளில் சாக்கட்டித் துண்டால் தரையில் எழுதிக் காட்டினேன். தமிழ் எழுத்து எனக்குத் தெரியும்.

ஒப்பந்தம்

அவனுக்கு சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலைக்குப் போக ஆசை. கிள்ளானிலிருந்து மேரு வரை ரோட்டைத் தாளில் வரைந்து வைத்திருந்தான். ஒவ்வொரு பாலமும் அதில் இருந்தது. நான் மாட்டு வண்டியில் தூங்கிக்கொண்டே போகிற ரோடு. இத்தனை வளைவு இருப்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த வேலைக்கு சீனியர் வகுப்பு முடிக்க வேண்டும். அதற்கு இந்த வகுப்பைத் தாண்ட வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி சுருட்டும் வேலைதான் என்றான்.

நாங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டோம். காற்று பாதியில் நின்றால் அவன் பெயரைக் கூப்பிடுகிறார்கள். எழுந்து ஆஜர் சொல்ல வேண்டும். சின்னதாக இரண்டு இழுப்பு என்றால் எல்லோரும் எழுகிறார்கள். வேகமாக மூன்று இழுப்பு என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சிரிப்புக்கு எதற்கு அடையாளம் என்று கேட்கலாம். அதுதான் முக்கியம். நடராஜ மாஸ்டர் தினமும் ஒரு வேடிக்கை சொல்வார். வகுப்பு சிரிக்கும். சிரிக்காதவனை எழுப்பி, என்ன புரியவில்லை என்று விசாரிப்பார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வேடிக்கை எது என்று தெரியாது. வகுப்பு சிரித்தால் நான் மூன்று இழுப்பேன். அதைப் பார்த்து அவன் சிரிப்பான். அதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். அவன் ஒருவன் சிரிப்பு கடைசியில் தனியாகக் கேட்கும். மாஸ்டருக்கு அதில் பெரிய சந்தோஷம். இந்த ஒரு பையன்தான் யோசித்துச் சிரிக்கிறான் என்று மற்ற மாஸ்டர்களிடம் சொல்லுவாராம்.

கோளாறும் நடந்தது. ஒரு நாள் எனக்குத் தும்மல் வந்து கயிறு நின்றது. உள்ளே ஏதோ ராஜாவுக்குத் தலையை வெட்டுகிற பாடம். சாமுவேல் எழுந்து ஆஜர் என்றான்.

டிக்டேஷன் மட்டும் எங்களால் முடியவில்லை. மாஸ்டர் வாசிப்பார், பையன்கள் எழுத வேண்டும். அதைக் கயிற்றில் சொல்ல வழி இல்லை. சாமுவேல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினான். பக்கத்துப் பையன் டிக்டேஷனில் மட்டம். ஆகவே இவனும் அதில் மட்டும் மட்டம். எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் இதில் மட்டும் ஏன் இப்படி என்று மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எதற்காக இதெல்லாம் செய்தாய் என்று பிற்பாடு என் பெண்டாட்டி கேட்டாள். பாவம் பார்த்துச் செய்ததாகச் சொன்னால் பொய். பங்கா இழுப்பது சலிப்பான வேலை. அந்த வருஷம் சலிப்பு இல்லை.

எறும்பு

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையிலிருந்தே கை வலி. கயிற்றைக் காலில் கட்டியிருந்தேன். இரண்டு சின்ன இழுப்புக் கொடுத்தேன். சாமுவேல் மற்றவர்களோடு எழுந்தான். சரியாகத்தான் போனது.

அப்போது கட்டெறும்பு பாதத்தில் கடித்தது. கால் மூன்று உதறு உதறியது.

மிச்சத்தை முதலில் சொல்லிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் துரை சாமுவேலிடம் ஏதோ கேட்டார். அவருக்கும் மீசை. சாமுவேல் அவரையே பார்த்தபடி நின்றான். மறுபடி கேட்டார். நான் பதறிப்போய்க் கயிற்றை நிறுத்தினேன். சாமுவேல் ஆஜர் என்றான். மூன்றாவது முறை கேட்டபோது அவன் என் பக்கம் ஜன்னலைப் பார்த்தான். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் காலில் கயிற்றோடு மல்லாந்து கிடந்தேன்.

இன்ஸ்பெக்டர் போனதும் நடராஜ மாஸ்டர் வராந்தாவுக்கு வந்தார். தரையில் சாமுவேலுக்காக நான் எழுதிய சாக்கட்டி எழுத்து இருந்தது. படித்தார். சாமுவேலை வரச் சொன்னார். அவனுக்குப் பின்னால் போய்க் கை தட்டினார். அவன் திரும்பவில்லை. மாஸ்டர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“ஒரு வருஷமா என் முன்னாடி உக்காந்திருக்கான். எனக்குத் தெரியலையே வீராசாமி” என்றார்.

நான் கயிற்றைக் காலிலிருந்து அவிழ்த்தேன்.

“அப்போ என் ஜோக்குக்குச் சிரிச்சது?”

“நான்தான் சார்.”

“உனக்கு இங்கிலீஷ் புரியுமா?”

“இல்ல சார்.”

மாஸ்டர் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிரஸ்ஸர் ஐயா

ஹெட்மாஸ்டர் துரை கெட்டவர் இல்லை. சட்டம் பார்ப்பவர். மற்றவர்களைப் போலவே அவனும் டிக்டேஷன் எழுத வேண்டும், பத்துப் பிழை வரை விடலாம், அதற்குமேல் போனால் தகப்பனார் அழைத்துப்போகட்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் தவணை. காது கேட்காத பையனை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியும் அப்போது நடக்கவில்லை. அவர் அந்த மூன்று வாரம் கொடுத்ததே பெரிது. என்னை ஏன் வேலையை விட்டு எடுக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது. வேறு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ.

சாமுவேலின் அப்பா சைக்கிளில் வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, முழுக்கச் செம்மண். மாஸ்டரிடம் நின்று நிதானமாகப் பேசினார். காதில் ஒரு குறையும் இல்லை, தானே சோதித்துப் பார்த்திருக்கிறார், கவனம்தான் இல்லை என்றார். சோதித்தும் காட்டினார். மகனுக்கு எதிரே நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, பெயரைச் சொன்னார். சாமுவேல் “என்னாங்கப்பா” என்றான்.

“பாத்தீங்களா?” என்றார் டிரஸ்ஸர்.

அவருக்கு மீசை இல்லை. மாஸ்டர் அதைக் கவனித்தார். நான் மாஸ்டரைக் கவனித்தேன்.

டிரஸ்ஸர் கிளம்பும்போது சைக்கிளை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் துடைத்தார். செம்மண் போனபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார்.

கொண்டை ஊசி

மாஸ்டர் தினமும் பள்ளி விட்டபிறகு சாமுவேலை வாதாம் மரத்தடியில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். அவன் எழுதிய தாளை நானும் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் சிவப்பு மை தெரியும். தாளில் கறுப்பைவிடச் சிவப்பு அதிகம்.

மாஸ்டர் மீசையை மெழுகு போட்டு மேலே முறுக்கிக்கொண்டு வந்தார். கிள்ளான் வெயிலில் பத்து வரி தாங்கவில்லை. மெழுகு உருகியது. மீசை ஒரு பக்கமாக இறங்கியது. பிறகு இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். புத்தகத்தைப் பிடிக்கக் கை இல்லை. நான் பிடித்தேன். தலைகீழாகப் பிடித்திருப்பது இரண்டாவது பக்கத்தில்தான் தெரிந்தது. அதுவரை எப்படி வாசித்தார் என்று கேட்டேன். மனப்பாடம் என்றார்.

அடுத்தது அவர் சம்சாரத்தின் கொண்டை ஊசி. பக்கத்துக்கு ஒன்றாக மீசையில் குத்திக் காதுப்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார். உதடு தெரிந்தது. பல்லும் தெரிந்தது. ஆனால் உதடு மூடவில்லை. உதடு மூடிச் சொல்லவேண்டிய எழுத்தெல்லாம் காற்றாகப் போனது. அன்று சிவப்பு இன்னும் அதிகம்.

தவணையில் ஒரு வாரம்தான் மிச்சம். சாமுவேல் வீட்டுக்குப் போனபிறகு மாஸ்டர் ஊசியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“உன் வாய் மட்டும் அவனுக்கு எப்படிடா புரியுது?”

“மீசை இல்ல சார். வெத்தலை இருக்கு.”

அவருக்கு வெற்றிலை ஆகாது. போட்டுக்கொண்டு வந்த பையனை வாய் கொப்பளித்துவிட்டு வா என்று ஆற்றுவரைக்கும் துரத்தியிருக்கிறார். என்னை மட்டும் தகர டப்பாவில் துப்பவேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டுவைத்திருந்தார்.

மீசையை நுனிவரை நீவிவிட்டுக்கொண்டார்.

“என் மாமனார் இந்த மீசையைப் பாத்துத்தான் பொண்ணு குடுத்தாரு” என்றார்.

என் மாமனார் என்னைப் பார்க்காமலே கொடுத்தார். அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்குமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

அந்த நாள்

டிக்டேஷன் அன்று ஹெட்மாஸ்டர் துரை தன் நாற்காலியை வராந்தாவில் என் பக்கத்தில் போடச் சொன்னார். என் கயிற்றில் கண் வைக்கத்தான். என்னோடு அவர் மலாயில்தான் பேசுவார். கயிற்றைக் காட்டி “தாரிக்” என்றார். இழு என்று அர்த்தம். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரே மாதிரி இழு, இல்லாவிட்டால் தெரியும் என்று அர்த்தம். அதற்கு மலாய் தேவைப்படவில்லை.

கேட்டுக்கு வெளியே டிரஸ்ஸர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாருங்கள் என்று ஆள் அனுப்பினேன். வரவில்லை.

மணி அடித்தாயிற்று. மாஸ்டரைக் காணவில்லை. ஒரு மனிதர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் ஏறினார். பல் வலிக்காரர் என்று நினைத்தேன். வகுப்புக்குள் போகப் பார்த்தார். நான் காலை நீட்டித் தடுத்தேன்.

“மாஸ்டர் இன்னும் வரல. நீங்க யாரு?” என்றேன்.

அவர் துண்டை எடுத்தார். அப்போதும் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே ஒரு பகுதி மட்டும் குழந்தைத் தோல் மாதிரி வெளுத்திருந்தது. கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். துரை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

மாஸ்டர் என் பக்கம் கையை நீட்டினார்.

“வெத்தலை இருக்கா?”

மடித்துக் கொடுத்தேன். எனக்குப் போடுகிற அளவுக்கே சுண்ணாம்பு வைத்துவிட்டேன். பழக்கமில்லாத நாக்கு. கண்ணில் தண்ணீர் வந்தது. மென்றார். என் டப்பாவில் துப்பினார். உதட்டைத் துடைக்காமல் உள்ளே போனார்.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்த அன்றுகூட அப்படி இல்லை.

வாசிக்கத் தொடங்கினார். நான் இழுத்தேன். இழுத்து, விட்டு, இழுத்து. துரை என் கையைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், கையைப் பார்த்தார். சாமுவேல் நிமிர்ந்து மாஸ்டர் வாயைப் பார்ப்பான், குனிந்து எழுதுவான். பக்கத்துப் பையன் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்துப் பையன்தான் இரண்டு முறை இவன் பக்கம் திரும்பினான்.

பாதியில் எறும்பு வந்தது. அதே எறும்பா தெரியாது. அதே கால். விரலிடுக்கில் நின்று யோசித்தது. பிறகு கடித்தது. நான் இழுத்தேன். மறுபடி கடித்தது. இழுத்தேன். அது சாவகாசமாக மேலே ஏறி முழங்கால் வரை போனது. துரை என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் ஆயுளில் அவ்வளவு ஒழுங்காகப் பங்கா இழுத்ததில்லை.

மாஸ்டர் மூன்று தடவை வாசித்து முடித்தார். புத்தகத்தை மூடினார். வழக்கம்போல ஒரு வேடிக்கை சொன்னார். வகுப்பு சிரித்தது.

சாமுவேலும் சிரித்தான். எல்லோரோடும் தொடங்கினான், எல்லோரோடும் முடித்தான். தனியாக ஒரு சிரிப்பும் கேட்கவில்லை.

துரை என் கயிற்றைப் பார்த்தார். அது ஒரே சீராகப் போய்வந்துகொண்டிருந்தது. எழுந்து உள்ளே போனார்.

ஒன்பது

அங்கேயே திருத்தினார்கள். மாஸ்டர் திருத்த, துரை பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்பது பிழை. துரை தானே ஒருமுறை எண்ணினார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார். போகும்போது மாஸ்டரிடம் ஏதோ சொல்லி, தன் மேல் உதட்டைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். பாராட்டா கேலியா என்று எனக்குத் தெரியாது. மாஸ்டரும் சொல்லவில்லை.

நான் கேட்டுக்குப் போய் டிரஸ்ஸரிடம் சொன்னேன். சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார். ஏன் அடித்தார் என்று அவருக்கே தெரியாது.

“நான் அப்பவே சொன்னேன்ல. காது நல்லாத்தான் இருக்கு. கவனம் வெச்சான், எழுதிட்டான்” என்றார்.

ஆமாங்கய்யா என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு துடைக்கத் தொடங்கினார். நான் வந்துவிட்டேன்.

மாஸ்டர் மீசையைப் பற்றி ஒன்று. அவர் சம்சாரம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மீசை வளரும் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். ஆனால் அடுத்த வருஷம் சீனியர் வகுப்பும் அவருக்கே வந்தது. தினமும் மழித்துக்கொண்டுதான் வந்தார். வெற்றிலை டிக்டேஷன் நாளில் மட்டும். சுண்ணாம்பைக் குறைத்துக் கொடுத்தேன்.

சாமுவேல் இப்போது சர்வே ஆபீசில்தான் இருக்கிறான். போன வருஷம் ஒரு வரைபடம் அனுப்பினான். கிள்ளான் ஊர் முழுக்க இருக்கிறது. பள்ளிக்கூடமும் இருக்கிறது. வராந்தா இருக்கிற இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. அது மைப்புள்ளி என்கிறாள் என் பெண்டாட்டி.

அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எல்லோரும் போனபிறகு சாமுவேல் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் காலுக்கு எச்சில் தடவிக்கொண்டிருந்தேன். வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். வகுப்பு சிரித்ததே, மாஸ்டர் அப்படி என்ன சொன்னார்?

அவன் எனக்குத் தமிழில் சொன்னான். கிள்ளான் ஆறு மெதுவாகப் போனாலும் கடைசியில் கடலுக்குப் போய்விடும், நீங்கள் எங்கே போவீர்கள் என்று மாஸ்டர் கேட்டாராம்.

மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். மிச்சம் இல்லை.

“தினமும் இதே மாதிரிதானா?” என்றேன்.

“பக்கத்துப் பையனைக் கேட்டுட்டேன் அண்ணே. தினமும் இதேதானாம். ஆறு மட்டும் சில நாள் மாறுமாம்.”

நான் வெற்றிலையைத் தகர டப்பாவில் துப்பினேன்.

“இதுக்கா அண்ணே ஒரு வருஷமா என்னைச் சிரிக்க வெச்சீங்க?” என்றான் சாமுவேல்.